கிளவுட் வேலைக்குப் போகணும்: வேலூர்ல இருந்துக்கிட்டு எங்க ஆரம்பிக்கிறது?

குடியாத்தம்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். வீடு குடியாத்தம், காலேஜ் வேலூர். கிளவுட் பக்கம் வேலைக்குப் போகணும்னு இருக்கேன். கையில இருக்கிறது 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள விண்டோஸ் 11 லேப்டாப். வீட்டுல பிராட்பேண்ட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. பைத்தான் சுமாரா வரும். லினக்ஸ் தொட்டதே இல்ல.

அமேசானோட ஏடபிள்யூஎஸ்ஸா, மைக்ரோசாஃப்டோட அஸூரா? காட்பாடி பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்ல ‘கிளவுட் டெவாப்ஸ், நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்’னு ஆறு மாச கோர்ஸ் சொல்றாங்க, சேரலாமா? அக்கவுண்ட் திறக்க அப்பாவோட டெபிட் கார்டைத்தான் போடணும். தெரியாம எதையாவது ஓடவிட்டு பில் வந்துட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு.

---

பாலாற்றங்கரை:

தம்பி, ஏடபிள்யூஎஸ்ஸா அஸூரான்னு இப்பவே மண்டையைப் போட்டு உடைச்சுக்காதீங்க. தனி நெட்வொர்க்கை ஏடபிள்யூஎஸ்ல விபிசின்னு சொல்வாங்க, அஸூர்ல விநெட்னு சொல்வாங்க, உள்ள ஓடுறது அதே ஐபி முகவரி, பாக்கெட் எந்த வழியில போகணும்னு சொல்ற அதே ரூட் டேபிள், அதே லினக்ஸ். புதுசா வர்ற பசங்க இன்டர்வியூல மாட்டுறது கிளவுட் கேள்வியில இல்ல. ‘சர்வர்ல டிஸ்க் நிறைஞ்சுபோச்சு, எங்க பார்ப்ப?’ன்னு கேட்டா முழிக்கிறாங்க, அங்கதான் போகுது.

அதனால முதல் ரெண்டு மாசம் கார்டும் வேணாம், அக்கவுண்டும் வேணாம். லேப்டாப்லயே விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்க, கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டரை (விஎம்) ஓட்டுற சாஃப்ட்வேர் அது. லினக்ஸ்ல உபுண்டு சர்வரோட ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) உங்க ஒரு நாள் டேட்டாவை முழுங்கிடும். இன்னொரு லினக்ஸான டெபியனோட நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ 1 ஜிபிக்குள்ளயே முடிஞ்சிடும், அதை எடுங்க. விஎம்முக்கு 2 ஜிபி ராம், 2 சிபியு, 20 ஜிபி டிஸ்க் தாராளம். இன்ஸ்டால் ஆகும்போது கடைசிப் பக்கத்துல என்னென்ன போடணும்னு ஒரு பட்டியல் வரும். டெஸ்க்டாப்னு இருக்கிறதை எல்லாம் டிக் எடுத்துட்டு, எஸ்எஸ்எச் சர்வர் (வெளிய இருந்து கமாண்ட் கொடுக்க உள்ள நுழையுற வழி) ஒண்ணு, ஸ்டாண்டர்டு யுடிலிட்டீஸ் ஒண்ணு, ரெண்டை மட்டும் வைங்க. டெஸ்க்டாப் இருந்தா மவுஸைத் தேடிப் போவீங்க, கமாண்ட் கையில உட்காராது.

ரெண்டு இடத்துல சிக்கும். விஎம் ஸ்டார்ட்டே ஆகலன்னா பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போது போற செட்டிங்) விர்ச்சுவலைசேஷன் ஆஃப்ல இருக்கும், போய் ஆன் பண்ணுங்க. அடுத்தது நெட்வொர்க். யூடியூப்ல விஎம்மே தனியா ஐபி வாங்குற பிரிட்ஜ்டு மோட் வைக்கச் சொல்வாங்க, ஹாட்ஸ்பாட்ல அது பாதி நேரம் ஐபியே வாங்காது. விஎம் லேப்டாப்போட நெட்டையே பகிர்ந்துக்கிற நேட் மோட்லயே விட்டுட்டு போர்ட் ஃபார்வர்டிங்ல லேப்டாப்போட 2222ஐ விஎம்மோட 22க்குத் திருப்பிவிடுங்க. பவர்ஷெல்ல இருந்து 127.0.0.1க்கு 2222 போர்ட்ல எஸ்எஸ்எச் போட்டா உள்ள போயிடலாம்.

உள்ள போனதும் என்ஜின்எக்ஸ்னு ஒரு வெப் சர்வரைப் போட்டு ஒரு பக்கம் வர வைங்க. அது அரை மணி நேர வேலை. அதுக்கப்புறம் நீங்களே அதை உடைக்கணும், அங்கதான் பாடம் இருக்கு. கான்ஃபிக் ஃபைல்ல ஒரு அரைப்புள்ளியை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, எந்த வரியில தப்புன்னு லாக் காட்டுற ஜர்னல்சிடிஎல் கமாண்ட்ல தேடிக் கண்டுபிடிங்க. ஃபால்லொகேட் கமாண்டால ஒரு பெரிய ஃபைல் போட்டு டிஸ்க்கை 100 சதவீதம் நிரப்பி, எது எது நிக்குதுன்னு பாருங்க. பைத்தான்ல ஒரு சின்ன வெப் சர்வரை 127.0.0.1ல (அந்த மெஷினுக்கு உள்ள மட்டும் எட்டுற முகவரி) மட்டும் பைண்ட் பண்ணி ஓட்டுங்க. உள்ள இருந்து கேட்டா பதில் வரும், வெளிய இருந்து கேட்டா வராது. ஏன்னு எஸ்எஸ் கமாண்ட்ல பார்த்தா தெரியும்: 0.0.0.0னு காட்ட வேண்டிய இடத்துல 127.0.0.1னு காட்டும். கிளவுட்ல ஃபயர்வால் மாதிரி இருக்கிற செக்யூரிட்டி குரூப்பை நாலு மணி நேரம் மாத்தி மாத்திப் பார்த்துட்டு கடைசியில இதுதான் காரணம்னு தெரியுற கேஸ் ரொம்ப சாதாரணம்.

இன்னொண்ணு. டிஎஃப் கமாண்ட் டிஸ்க் ஃபுல்னு சொல்லும், ஃபைல் அளவை எல்லாம் டியு கமாண்ட்ல கூட்டிப்பார்த்தா பாதிகூட வராது. லாக் ஃபைலை அழிச்சிருப்பாங்க, ஆனா அதைத் திறந்து வச்சிருக்கிற ப்ராசஸ் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். அது விடுற வரைக்கும் இடம் திரும்பாது. எந்த ஃபைலை எது திறந்து வச்சிருக்குன்னு எல்எஸ்ஓஎஃப்ல பார்த்து அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும். இடம் இருந்தும் எழுத முடியலன்னா ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒதுக்குற பதிவு) தீர்ந்திருக்கும், அதுக்கு டிஎஃப் -ஐ.

நெட்வொர்க்குக்குப் பெரிய புத்தகம் எல்லாம் வேணாம். சப்நெட் (நெட்வொர்க்கோட ஒரு துண்டு) கணக்கைக் காகிதத்துல போட்டுப் பழகுங்க. /24ன்னா 256 முகவரி, ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு சப்நெட்லயும் 5ஐ எடுத்துக்கும், கைக்கு வர்றது 251. /28ல 16க்கு 11. டிஎன்எஸ்ல ஏ ரெக்கார்டு (பேருக்கு ஐபி), சிநேம் (பேருக்கு இன்னொரு பேர்), டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்), இந்த மூணும் தெளிவா வரட்டும்.

கோர்ஸ் விஷயம்: யாரும் வேலைக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. அந்த மாதிரி சில இடத்துல கடைசியில ரெஸ்யூம்ல ரெண்டு வருஷ அனுபவம்னு பொய்யா சேர்த்துத் தர்றதுதான் ‘உத்தரவாதம்’. கம்பெனிங்க பின்னணி சோதனையில யுஏஎன் (பிஎஃப் அடையாள) நம்பரை வச்சு பிஎஃப் பதிவைப் பார்ப்பாங்க, அங்க மாட்டினா ஆஃபர் ரத்து. சேர்றதுன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘லேப் யாரோட அக்கவுண்ட்ல?’ டெமோ காட்டுறதோட சரின்னு சொன்னாங்கன்னா எழுந்து வந்துடுங்க.

---

கஸ்பா_07:

பாலாற்றங்கரை சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. பில் பயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன்.

முதல்ல, பழைய வீடியோவை நம்பாதீங்க. ‘ஒரு வருஷம் ஃப்ரீ, மாசம் 750 மணி நேரம்’னு அதுல சொல்வாங்க. 2025 ஜூலை 15க்கு அப்புறம் திறக்கிற ஏடபிள்யூஎஸ் அக்கவுண்டுக்கு அது கிடையாது. இப்ப திறந்ததும் 100 டாலர் கிரெடிட், சொல்ற சில வேலைகளை முடிச்சா இன்னும் 100 வரைக்கும். திறக்கும்போது ஃப்ரீ பிளானா பெய்டு பிளானான்னு கேக்கும். ஃப்ரீ பிளானை எடுங்க. ஆறு மாசம், இல்ல கிரெடிட் தீர்ற வரைக்கும், எது முன்னால வருதோ அதோட நின்னுடும், அப்பா கார்டுல இருந்து எடுக்காது. எல்லா சர்வீஸும் அதுல திறக்காது, ஆரம்பத்துக்கு அது ஒரு குறையே இல்ல. ஏதாவது டுட்டோரியலைப் பார்த்துட்டு ஆர்கனைசேஷன்ஸ் (பல அக்கவுண்டைச் சேர்த்து நிர்வகிக்கிற சர்வீஸ்) ஆன் பண்ணிடாதீங்க, பண்ணினா அக்கவுண்ட் தானா பெய்டுக்குப் போயிடும்.

ஆறு மாசம்தான் இருக்கிறதால கணக்கை இன்னைக்கே திறக்காதீங்க. விர்ச்சுவல்பாக்ஸ்ல கை பழகினதும் திறங்க.

காலேஜ்ல உங்களுக்கு காலேஜ் பேர்ல மெயில் ஐடி கொடுத்திருக்காங்களான்னு பாருங்க. இருந்தா அஸூர் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் கிடைக்கும், 100 டாலர், 12 மாசம், கார்டே கேக்காது. கார்டு பயம் இருக்கிறவங்களுக்கு இதைவிட நிம்மதி இல்ல.

திறந்த அன்னைக்கே ரூட் யூசருக்கு (எல்லா அதிகாரமும் உள்ள முதல் யூசர்) எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோட இன்னொரு சோதனையும்) போடுங்க, தினசரி வேலைக்குத் தனி யூசர் வைங்க, ரூட்டுக்கு ஆக்சஸ் கீ (ப்ரோக்ராம் உள்ள நுழையுற சாவி) உருவாக்கவே கூடாது. 5 டாலருக்கு ஒரு பட்ஜெட் அலர்ட் வைங்க. ஆனா அலர்ட் வந்தா எதுவும் தானா நின்னுடாது, மெயில் மட்டும்தான் வரும். அதுவும் சில மணி நேரம் தாமதமா.

கிரெடிட் எங்க கரையுதுன்னு தெரிஞ்சுக்கோங்க:

பிரைவேட் சப்நெட்டை வெளி நெட்டோட இணைக்கிற நேட் கேட்வேதான் முதல் எதிரி. ட்ராஃபிக்கே இல்லன்னாலும் மணிக்கணக்குல ஓடும், மாசத்துக்கு 30 டாலருக்கு மேல. ‘பப்ளிக், பிரைவேட் சப்நெட் உருவாக்குவோம்’னு ஒரு வீடியோ பார்த்து அப்படியே விட்டுட்டா மூணு மாசத்துல 100 டாலர் காலி. பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் 2024 பிப்ரவரியில இருந்து மணிக்கு 0.005 டாலர் வாங்குறாங்க, மாசம் 3.60 டாலர் பக்கம் வரும். ஈசி2வை (வாடகை மெஷினை) ஸ்டாப் பண்ணினா சிபியுவுக்குத்தான் காசு நிக்கும், டிஸ்க்குக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும். எலாஸ்டிக் ஐபியும் (மாறாத பப்ளிக் முகவரி) அப்படித்தான். ஆர்டிஎஸ்ஸை (டேட்டாபேஸ் சர்வீஸ்) ஸ்டாப் பண்ணிட்டு மறந்தீங்கன்னா 7 நாள் கழிச்சு அதுவே எழுந்து உட்கார்ந்துக்கும். கன்டெய்னர் கிளஸ்டர் ஓட்டுற இகேஎஸ் பக்கம் இப்போதைக்குத் தலை வைக்காதீங்க, கிளஸ்டர் சும்மா இருக்கவே மணிக்கு 0.10 டாலர்.

எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு நினைச்சும் பில் ஏறுதுன்னா மேல வலது பக்கம் ரீஜியன் (டேட்டா சென்டர் இருக்கிற இடம்) பேரைப் பாருங்க. நீங்க மும்பையைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க, மெஷின் வர்ஜீனியாவுல ஓடிக்கிட்டு இருக்கும்.

ஆக்சஸ் கீயை கிட்ஹப்ல ஏத்திடாதீங்க. தேடிக்கிட்டே திரியுற பாட் ப்ரோக்ராமுங்க சில நிமிஷத்துல எடுத்து உங்க அக்கவுண்ட்ல கிரிப்டோ மைனிங் ஓட்டும். ஏத்திட்டு கமிட்டை அழிச்சா போதாது, ஹிஸ்டரியில இருக்கும். கீயையே செயலிழக்கச் செய்யணும்.

---

குடியாத்தம்வாசி:

ரொம்ப நன்றிண்ணா ரெண்டு பேருக்கும். காலேஜ் மெயில் இருக்கு, ஆனா யாரும் பயன்படுத்துறதில்ல, கேட்டுப் பார்க்கிறேன். ரெஸ்யூம்ல போட ப்ராஜெக்ட் என்ன செய்யலாம்? எல்லாரும் போர்ட்ஃபோலியோ சைட்டை எஸ்3ல (ஏடபிள்யூஎஸ்ஸோட ஃபைல் கிடங்கு) போடுறாங்க, அதையே நானும் போட்டா எடுபடுமா?

---

ஆம்பூர்_அட்மின்:

எடுபடாது. இன்டர்வியூ எடுப்பவர் அன்று காலையிலேயே அதை நான்கு ரெஸ்யூமில் பார்த்திருப்பார்.

உங்கள் ஊரிலேயே நல்ல ப்ராஜெக்ட் இருக்கிறது. குடியாத்தத்தில் லுங்கி மொத்தக் கடை, ஆம்பூரில் தோல் ஏஜென்சி, எங்கே போனாலும் ஒரு மூலையில் கணக்கு எழுதும் டேலி ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். பேக்கப் என்பது ஒரு பென் டிரைவ், அதுவும் அதே மேசை டிராயரில். தெரிந்த கடை ஒன்றைப் பிடித்து, அந்த டேட்டாவைத் தினமும் இரவு எஸ்3க்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். கேட்கச் சின்ன வேலை. செய்து பார்த்தால் ஐஏஎம் (யாருக்கு என்ன அனுமதி), ஸ்டோரேஜ் வகை, லைஃப்சைக்கிள் (எத்தனை நாளில் நகர்த்துவது, அழிப்பது), கட்டணம், மீட்பு எல்லாம் இதற்குள் வந்துவிடும். கடையின் உண்மைக் கணக்கில் கை வைப்பதற்கு முன் டேலியில் ஒரு போலி கம்பெனி உருவாக்கி உங்கள் லேப்டாப்பில் செய்து பாருங்கள். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் யாருடைய கணக்கையும் வெளியே அனுப்பக் கூடாது.

டேலி திறந்திருக்கும்போது டேட்டா ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் பாதி எழுதியதும் எழுதாததுமாக வரும், திறக்கும்போது பிழை காட்டும். எனவே கடை மூடி, டேலியும் மூடிய பிறகு ஓட வேண்டும். ஃபோல்டரை அப்படியே அனுப்பாமல் தேதி போட்ட ஒரே ஜிப் ஆக்குங்கள். காரணம் கட்டணம்: உள்ளே சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய. அடிக்கடி எடுக்காத ஃபைல்களுக்கான எஸ்3 ஸ்டாண்டர்டு-ஐஏ வகையில் 128 கேபிக்குக் குறைந்த ஃபைல் ஒவ்வொன்றுக்கும் 128 கேபி என்றே காசு எடுப்பார்கள். மலிவு என்று நினைத்து மாற்றினால் பில் கூடும்.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தரும் ஐஏஎம் யூசருக்கு அந்த ஒரு பக்கெட்டில் (எஸ்3இல் ஃபைல்கள் இருக்கும் பெட்டி) புட்ஆப்ஜெக்ட் (ஃபைல் ஏற்றும்) அனுமதி மட்டும் போதும். டிலீட் வேண்டாம். ரான்சம்வேர் புகுந்து கீயை எடுத்தாலும் பழைய பேக்கப்பை அழிக்க முடியாது. பக்கெட்டில் வெர்ஷனிங் ஆன் செய்யுங்கள், அதே பெயரில் குப்பையை எழுதினாலும் பழையது தங்கும். இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் ஆக்கும் சிங்க் கமாண்டோடு டிலீட் ஆப்ஷன் சேர்த்துக் கொடுக்கும் டுட்டோரியல்கள் உண்டு. கடையில் ஃபோல்டர் அழிந்தால் பேக்கப்பும் சேர்ந்து அழியும். அதற்குப் பெயர் பேக்கப் இல்லை.

இனி, இந்த ஏற்பாடு சிக்கி நிற்கும் இடங்கள்.

கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் ‘அனேபிள் டு லொக்கேட் கிரெடென்ஷியல்ஸ்’ என்கிறது. கீ உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் இருக்கிறது, டாஸ்க்கோ சிஸ்டம் அக்கவுண்டில் ஓடுகிறது, அதற்கு உங்கள் ஃபோல்டர் தெரியாது. டாஸ்க்கை அதே யூசர் பெயரில் ஓட விடுங்கள்.

நேற்று வரை போனது, இன்று ‘ரிக்வெஸ்ட் டைம் டூ ஸ்கியூடு’ என்று மறுக்கிறது. கம்ப்யூட்டர் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் தப்பாக இருந்தால் எஸ்3 ஏற்காது. கடைக் கம்ப்யூட்டர்கள் பழையவை. மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும், கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். இங்கே கிளவுடில் தேடிப் பயனில்லை. சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கி மாற்றுங்கள், விண்டோஸில் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியையும் ஆன் செய்யுங்கள்.

பக்கெட்டில் தெரியும் ஃபைல்களின் அளவைவிட பில்லில் வரும் அளவு அதிகமாக இருக்கும். பெரிய ஃபைலைத் துண்டு துண்டாகத்தான் ஏற்றுகிறது. நடுவில் கரண்ட் போனால் ஏறிய துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே கிடக்கும், அதற்கும் காசு. முடியாத மல்ட்டிபார்ட் அப்லோடை 7 நாளில் நீக்கு என்று ஒரு லைஃப்சைக்கிள் விதி எழுதிவிடுங்கள். இதே இடத்தில், பழைய வெர்ஷன்களை எத்தனை நாள் வைப்பது என்றும் எழுதுங்கள்.

மலிவு என்று டீப் ஆர்க்கைவ் (மிக மலிவான சேமிப்பு வகை) வரைக்கும் போக வேண்டாம். குறைந்தது 180 நாளுக்குக் காசு கட்ட வேண்டும், எடுக்க வழக்கமாக 12 மணி நேரம். ஆடிட்டர் உட்கார்ந்துகொண்டு கேட்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். கடைசி 30 நாள் ஸ்டாண்டர்டு, பிறகு ஐஏ. ஒரு கடைக்கு அது போதும்.

மாதம் ஒருமுறை ஒரு ஜிப்பை இறக்கி, வேறொரு கம்ப்யூட்டரில் டேலியில் திறந்து, கடைசி வவுச்சர் எண் சரியா என்று பாருங்கள். எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் எல்லாவற்றையும் கன்சோலில் கையால் செய்யுங்கள். அடுத்து மொத்தத்தையும் அழித்துவிட்டு டெராஃபார்மில் (கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் கருவி) எழுதுங்கள். பக்கெட், பாலிசி, யூசர், லைஃப்சைக்கிள் எல்லாம் சேர்ந்து 100 வரிக்குள் வரும். அது உருவாக்கியதைக் குறித்து வைக்கும் ஸ்டேட் ஃபைலை கிட்ஹப்பில் போடாதீர்கள், டெராஃபார்மில் ஆக்சஸ் கீ உருவாக்கினால் அதன் ரகசியம் அதற்குள் அப்படியே இருக்கும். ரீட்மீயில் மாதச் செலவு எவ்வளவு, எங்கெங்கே நின்றது, ஏன் என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் பேச்சு அதைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

---

கன்டோன்மென்ட்:

ஆம்பூர் அண்ணன் போட்ட ப்ராஜெக்ட் சூப்பர். ஆனா சர்டிஃபிகேட்டைப் பத்தி யாரும் வாயே திறக்கல. ப்ரோ, அது இல்லாமலும் வேலை கிடைக்கும், உண்மைதான். ஆனா பெரிய காலேஜ் பேர் இல்லாத ரெஸ்யூம் எச்ஆர் ஃபில்டரைத் தாண்டணும்னா ஒண்ணு இருக்கிறது நல்லது.

ஏடபிள்யூஎஸ் பரீட்சையில கிளவுட் ப்ராக்டீஷனர் 100 டாலர், சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் 150 டாலர், ரெண்டுக்கும் வரி தனி. ப்ராக்டீஷனரை டெக்னிக்கல் ஆளுங்க மதிக்கிறதில்ல, என்னைக் கேட்டா நேரா அசோசியேட்டுக்குப் போங்க. 65 கேள்வி, 130 நிமிஷம், 1000க்கு 720 வேணும், 3 வருஷம் செல்லும். டம்ப் (கசிஞ்ச கேள்வித் தொகுப்பு) மனப்பாடம் பண்ணி பாஸ் ஆகிடலாம்னு டெலிகிராம்ல விப்பாங்க. முதல் டெக்னிக்கல் ரவுண்ட்லயே வெளுத்துடும்.

நம்ம ஊர் ஆளுங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு: இனிஷியல். ஐடி கார்டுல அப்பா பேர் முழுசா இருக்கும், ரிஜிஸ்டர் பண்ணும்போது ஒத்தை எழுத்து போட்டுடுவீங்க. ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகலன்னா பரீட்சைக்கே விடமாட்டாங்க, பணமும் போகும். புக் பண்றதுக்கு முன்னாடியே சரி பண்ணுங்க. வீட்டுல இருந்து எழுதலாம்தான், ஆனா ஹாட்ஸ்பாட்லயும் கரண்ட் கட்லயும் வேணாம். காட்பாடியில வண்டி ஏறினா ரெண்டு மணி நேரத்துல சென்னை, சென்டர்லயே போய் எழுதிட்டு வாங்க.

வேலை தேடும்போது ‘கிளவுட் இன்ஜினியர்’னு மட்டும் போட்டா நாலு வருஷ அனுபவம் கேக்குறதாவே வரும். கிளவுட் சப்போர்ட் அசோசியேட், லினக்ஸ் அட்மின் எல்1 (முதல் நிலை), நாக் (நெட்வொர்க் கண்காணிப்பு) இன்ஜினியர், சிஸ்டம் இன்ஜினியர் ட்ரெய்னி, இப்படித் தேடுங்க. பெரும்பாலும் ரொட்டேஷனல் ஷிஃப்ட், நைட் இருக்கும், அதை வீட்டுல முன்னாடியே சொல்லி வைங்க. வேலை சென்னை இல்ல பெங்களூர்தான், காட்பாடியில இருந்து ரெண்டு பக்கமும் வண்டி இருக்கு, இன்டர்வியூக்கு அலையறதுல நமக்கு அந்த ஒரு வசதி.

கட்டாயம் வர்ற கேள்வி ஒண்ணு: செக்யூரிட்டி குரூப்புக்கும் நெட்வொர்க் ஏசிஎல்லுக்கும் (சப்நெட் வாசல்ல இருக்கிற ஃபயர்வால்) என்ன வித்தியாசம்? முன்னது ஸ்டேட்ஃபுல் (பதிலைத் தானா விடும்), பின்னது ஸ்டேட்லெஸ் (தானா விடாது)னு ஒப்பிச்சா அடுத்த கேள்வி போடுவாங்க: ‘ஏசிஎல்ல உள்ள வர 443 திறந்தாச்சு, சைட் ஏன் வரல?’ சர்வரோட பதில் திரும்பிப் போற வழி மூடியிருக்கும். அவுட்பவுண்ட்ல 1024ல இருந்து 65535 வரைக்கும் திறக்கணும். லேப்ல ஒரு தடவை நீங்களே மூடிப் பாருங்க, அப்புறம் மறக்காது.

---

குடியாத்தம்வாசி:

காலேஜ்ல கேட்டேன், மெயில் வேலை செய்யுது, அஸூர் ஸ்டூடன்ட்ஸ் கிடைச்சிடுச்சு. டெபியன் விஎம்மும் ஓடுது. ஃப்ரெண்டோட ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட்ல ஒரு ஈசி2 போட்டுப் பார்த்தோம். நேத்து எஸ்எஸ்எச் போச்சு, இன்னைக்கு ‘கனெக்ஷன் டைம்டு அவுட்’னு வருது. எதையும் மாத்தல. கீ கெட்டுப்போயிருக்குமா?

---

பாலாற்றங்கரை:

கீ இல்ல தம்பி. கீ தப்பா இருந்தா ‘பெர்மிஷன் டினைடு’ன்னு வரும், யூசர் பேர் தப்பா இருந்தாலும் அதேதான். உபுண்டுன்னா உபுண்டு, அமேசான் லினக்ஸ்னா ஈசி2-யூசர். ‘ரெஃப்யூஸ்டு’ன்னு வந்தா மெஷின் வரைக்கும் போயாச்சு, அங்க 22ல கேக்க ஆள் இல்லன்னு அர்த்தம். ‘டைம்டு அவுட்’னா பாக்கெட் போய்ச் சேரவே இல்ல.

நேத்து செக்யூரிட்டி குரூப்ல ‘மை ஐபி’ன்னு கொடுத்திருப்பீங்க. ஹாட்ஸ்பாட்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா வெளி ஐபி மாறிடும். உங்க ஃப்ரெண்ட் கன்சோலைத் திறந்து அந்த ரூலை எடிட் பண்ணி மறுபடி ‘மை ஐபி’ தேர்ந்தெடுக்கணும். அதை உங்க ஹாட்ஸ்பாட்ல இருந்தே திறந்து செய்யணும், அவர் வீட்டுல இருந்து செஞ்சா அவரோட ஐபிதான் விழும். எரிச்சல்ல 0.0.0.0/0ன்னு திறந்து விட்டுடாதீங்க. ஆத் லாக்ல (லாகின் முயற்சிகளோட பதிவு) பாருங்க, உலகத்துல இருந்து எத்தனை பேர் கதவைத் தட்டுறாங்கன்னு தெரியும். மெஷினை ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணியிருந்தா அதோட பப்ளிக் ஐபியும் மாறியிருக்கும், அதையும் ஒரு தடவை பாருங்க.

தினமும் இந்த ரோதனை வேணாம்னா ஏடபிள்யூஎஸ்ஸோட செஷன் மேனேஜருக்கு மாறிடுங்க. அமேசான் லினக்ஸ் 2023 இமேஜ்ல அதோட ஏஜென்ட் ஏற்கெனவே இருக்கும். ஈசி2வுக்கு ‘அமேசான்எஸ்எஸ்எம்மேனேஜ்டுஇன்ஸ்டன்ஸ்கோர்’ங்கிற பாலிசியோட ஒரு ரோல் (மெஷினுக்கான அனுமதி) மாட்டுங்க. 22ஐ மூடிடலாம், வெளிய போற 443 திறந்திருந்தா போதும், ப்ரவுசர்லயே ஷெல் வரும். ரோல் மாட்டின உடனே கன்சோல்ல வரலன்னா கொஞ்ச நேரம் விடுங்க, அப்பவும் வரலன்னா மெஷினை ஒரு தடவை ரீபூட் பண்ணுங்க.